64 வருஷம் காத்திருந்து "பொன்னியின் செல்வன்" படம் பார்த்த தாத்தா!

கண் மங்கியதும் பேத்தி வாசித்துக் காட்டினாள், 293 அத்தியாயம்!

சென்னை,

ஒரு சினிமா டிக்கெட்டுக்காக 3 மணி நேரம் வரிசையில் நின்றவர்கள் உண்டு. விடிய விடியக் காத்துக் கிடந்தவர்களும் உண்டு. ஒரு படத்துக்காக 64 வருஷம் காத்திருந்தவர் உண்டா?

உண்டு. திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோவில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர் குடியிருக்கிறார். வயது 84. அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் "வந்தியத்தேவன் தாத்தா".

அவர் காத்திருந்த படம் "பொன்னியின் செல்வன்".

படம் வந்தது. ஆனால் அதற்குள் தாத்தாவின் கண் போய்க்கொண்டு இருந்தது!

11 குடித்தனம், ஒரு புத்தகம்

"பொன்னியின் செல்வன்" கதையை கல்கி தமது "கல்கி" வார இதழில் 1950-ம் வருஷம் அக்டோபர் மாதம் எழுதத் தொடங்கினார். 1954-ம் வருஷம் மே மாதம் முடித்தார். 3½ வருஷத் தொடர்கதை. கதை முடிந்த 7 மாதத்துக்குள், அதே 1954 டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார்.

தொடர் ஆரம்பித்தபோது தாத்தாவுக்கு வயது 9. நாலாம் வகுப்பு மாணவன்.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் கூறியதாவது:-

"அப்போ நாங்க ஒரு ஸ்டோர் வீட்டிலே இருந்தோம். 11 குடித்தனம். ஒரே கிணறு. எல்லாருமா காசு போட்டு ஒரே ஒரு புத்தகம்தான் வாங்குவாங்க. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பளம் இட்டு விக்கிறவங்க. அதனாலே நான்தான் படிச்சுக் காட்டணும்.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கூடத்திலே பாயைப் போட்டு உக்காருவாங்க. நான் நடுவிலே. பக்கத்திலே அரிக்கேன் விளக்கு. நந்தினி வர்ற இடத்திலே எல்லாம் பொம்பளைங்க திட்டுவாங்க. ஊமை ராணி வந்தா எங்க அம்மா முந்தானையாலே கண்ணைத் துடைச்சுக்குவாங்க. வாரம் தவறாம இது நடந்தது."

இதில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. கடையில் புத்தகம் வாங்கி வரும் பையனும் பிரிக்கக் கூடாது.

பையன் ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறினான்!

குட்டு விழுந்தது!

கதையைப் படித்தவர்களுக்கு அந்த இடம் நினைவு இருக்கும். நடுக்கடல். சூறாவளி. எரியும் கப்பலில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்கிறான். அவனைக் காப்பாற்ற இளவரசர் அருள்மொழிவர்மர் கடலில் குதிக்கிறார். பிறகு என்ன ஆனது?

ஸ்டோரில் ஒரு வாரம் முழுவதும் இதே பேச்சு. அடுத்த இதழை வாங்கி வந்த பையனால் பொறுக்க முடியவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து முழுவதையும் படித்து விட்டான். வீட்டுக்குள் நுழையும்போதே, "பூங்குழலி படகிலே வந்து காப்பாத்திட்டா!" என்று கத்தி விட்டான்.

"எங்க அம்மா வெச்சாங்க பாருங்க ஒரு குட்டு! இன்னிக்கும் தடவினா அந்த இடம் தெரியுது" என்று சொல்லித் தாத்தா தலையைத் தடவிக் காட்டினார்.

தொடர் முடிந்ததும் அம்மா ஒரு காரியம் செய்தார். அப்பளம் விற்ற காசில் சீட்டுப் போட்டுச் சேர்த்தார். கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, 5 பாகத்தையும் தனித்தனியாக பைண்டு செய்தார். "புது வெள்ளம்", "சுழற்காற்று", "கொலை வாள்", "மணிமகுடம்", "தியாகச் சிகரம்" என்று 5 புத்தகங்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன.

எழுத்துத் தெரியாத அந்த அம்மாள், மத்தியான வேளையில் அந்தப் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாராம். படத்தைப் பார்த்தே கதையை முழுவதும் சொல்லி விடுவாராம்.

தொலைந்த 4-ம் பாகம்

1961-ல் ஒரு நாள், கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார் என்று 4-ம் பாகத்தை இவர் கொடுத்தார். நண்பர் ஊர் மாறிப் போய் விட்டார். புத்தகம் திரும்பி வரவே இல்லை.

"அம்மா திட்டலே. 'அஞ்சு பிள்ளையிலே ஒண்ணைத் தொலைச்சிட்டியேடா'ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டி இருந்தா மறந்திருப்பேன்" என்றார் தாத்தா.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் இவர் மூர் மார்க்கெட்டில்தான் இருப்பார். சென்டிரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் கிடைக்காத பழைய புத்தகம் இல்லை என்பார்கள். அங்கே பைண்டு புத்தகக் குவியலைக் கிளறுவார். மற்ற பாகங்கள் கிடைக்கும். 3-ம் பாகம் கிடைக்கும். 5-ம் பாகம் கிடைக்கும். மணியம் படத்தோடு 4-ம் பாகம் மட்டும் அகப்படவில்லை.

1983-ல் அம்மா இறந்தார். அதன் பிறகும் மகன் தேடுவதை விடவில்லை.

1985-ம் வருஷம் மே 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. மறுநாள் இவர் போய்ப் பார்த்தார். கரிந்த தாள்கள் பறந்து கொண்டு இருந்தன. பேசாமல் வீட்டுக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அன்றோடு நின்றது.

இன்றைக்கு அந்தக் கதையைப் புத்தகமாக வாங்குவது சிரமமே இல்லை. 1999-ல் கல்கியின் எழுத்துக்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டன. தாத்தாவிடமே 2 செட் இருக்கிறது. "ஆனா அது எங்க அம்மா தொட்டது இல்லையே?" என்று கேட்கிறார்.

எம்.ஜி.ஆர். வாங்கினார்

சரி, சினிமா விஷயத்துக்கு வருவோம்.

1958-ம் வருஷம் எம்.ஜி.ஆர். இந்தக் கதையின் பட உரிமையை 10 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினார். செய்தி கேட்டதும் ஸ்டோரில் திருவிழாதான். யார் குந்தவை, யார் நந்தினி என்று கிணற்றடியில் சண்டையே நடந்ததாம். அப்போது தாத்தாவுக்கு வயது 17.

1959-ல் சீர்காழியில் நாடகத்தில் நடித்தபோது எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. பல மாதம் ஓய்வில் இருந்தார். "பொன்னியின் செல்வன்" படம் அப்படியே நின்று விட்டது.

1960-ல் கல்கியின் "பார்த்திபன் கனவு" படமாக வந்தது. ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, ரங்காராவ் நடித்தார்கள். தாத்தா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. அந்தக் கதையை எப்போடா எடுப்பாங்க?" என்று அம்மா கேட்டார்.

1973-ல் சிவாஜி கணேசன் நடித்த "ராஜராஜ சோழன்" வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம். அருள்மொழிவர்மர்தானே ராஜராஜர் என்று ஓடினார்கள். ஆனால் அது அரு.ராமநாதனின் நாடகம். கதை வேறு.

1978 பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் "மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்" வந்தது. அகிலனின் "கயல்விழி" நாவலைத் தழுவிய படம். எம்.ஜி.ஆர். அப்போது முதல்-அமைச்சர். அதுவே அவர் நடித்து வெளிவந்த கடைசிப் படம்.

"எம்.ஜி.ஆர். எடுத்தார். ஆனா சோழனை விட்டுட்டுப் பாண்டியனை எடுத்துட்டார்!" என்று தாத்தா சிரித்தார்.

நடுவில் சாண்டில்யனின் "யவன ராணி", "கடல் புறா" எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். "இதை எல்லாம் படமா எடுத்தா பணத்துக்கு எங்கே போவான்?" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக் கொள்வாராம். 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் "பொன்னியின் செல்வ"னைச் சுமார் 4 மணி நேர நாடகமாகப் போட்டார்கள். பனியில் மப்ளர் கட்டிக்கொண்டு தாத்தா முழுவதும் பார்த்தார்.

கமலஹாசன் எடுக்கப் போகிறார் என்றார்கள். மணிரத்னம் எடுக்கப் போகிறார் என்றார்கள். வருஷங்கள் ஓடின.

கண்ணில் இடி!

2019-ல் மணிரத்னம் உண்மையாகவே படப்பிடிப்பைத் தொடங்கினார். அதே வருஷம் தாத்தாவுக்குக் கண்ணில் கோளாறு தெரிந்தது.

நடக்கும்போது பக்கத்தில் வருகிறவர்கள் மேல் இடித்தார். கதவு நிலையில் தோளை இடித்துக் கொண்டார். வயசு ஆகிவிட்டது என்று அலட்சியமாக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது "கிளாக்கோமா" என்றார்கள். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப் போகும் நோய். வலி இருக்காது. முதலில் ஓரப்பார்வைதான் போகும். அதனால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக் கொள்ளலாம். 40 வயதுக்கு மேல் எல்லோரும் சோதித்துக் கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

தாத்தாவுக்கு இடது கண் ஏற்கனவே போய் விட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிந்தது.

"படம் எப்போ வரும்?" இதுதான் அவர் தினமும் கேட்ட கேள்வி. கொரோனா வந்தது. அதுவும் தள்ளிப் போட்டது.

2022-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி முதல் பாகம் வெளிவந்தது. பேத்தி டிக்கெட் எடுத்தாள். வயது 25. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"கடைசி வரிசையிலே எடு" என்றார் தாத்தா. "ஏன் தாத்தா, கிட்டே உக்காந்தா நல்லாத் தெரியுமே?" என்று அவள் கேட்டாள். கிட்டே உட்கார்ந்தால் திரையில் பாதிதான் அவர் கண்ணுக்குள் அடங்கும். தூரத்தில் உட்கார்ந்தால்தான் முழுத் திரையும் தெரியும். இது பேத்திக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கார்த்தி குதிரையில் வந்தபோது தாத்தா எழுந்து நின்று விட்டார். பின்னால் வரிசை இல்லாததால் யாரும் சத்தம் போடவில்லை!

"படமே போதும்!"

படம் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது தாத்தா குறை சொல்ல ஆரம்பித்தார். "வீராணம் ஏரிக்கரையிலே ஆரம்பிக்க வேண்டிய கதை. போர்க்களத்திலே ஆரம்பிச்சுட்டாங்களே? மணிமேகலை எங்கே? கந்தமாறன் தங்கச்சி எங்கே போனா?"

பேத்தி சொன்னாள்: "தாத்தா, 2,000 பக்கத்தை யாரு படிக்கிறது? எனக்குப் படமே போதும்."

தாத்தாவுக்கு முகம் சுண்டி விட்டது. வீடு வரும்வரை பேசவில்லை.

அன்று இரவு அவர் முதல் பாகத்தை எடுத்து, கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க முயற்சி செய்துகொண்டு இருந்தார். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியின் ஆரம்பம் அகப்படவில்லை. விரலை வைத்துத் தேடினார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பேத்தி இதைப் பார்த்து விட்டாள்.

"குடு தாத்தா" என்று வாங்கிக் கொண்டாள்.

ஒரு சிக்கல்! அவள் இங்கிலீஷ் மீடியம். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாஷையாக எடுத்தது பிரெஞ்சு. தமிழ் பேசுவாள். பஸ் போர்டு படிப்பாள். அவ்வளவுதான்.

முதல் அத்தியாயம் முடிய 1½ மணி நேரம் ஆனது. பழுவேட்டரையர் "பலுவேட்டரையர்" ஆனார். ஆழ்வார்க்கடியான் பெயரில் 4 தடவை வண்டி நின்றது. தாத்தா ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தப்பு வந்தால் சரியான சொல்லை மெல்லச் சொன்னார்.

ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று ஆரம்பித்தது. டிசம்பர் கடைசியில், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ந் தேதி வரும் என்று அறிவித்தார்கள். தாத்தா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இன்னும் 205 அத்தியாயம். 120 நாள்.

"படம் வர்றதுக்குள்ளே முடிக்கணும் கண்ணு. நாளைக்கு ரெண்டாப் படி" என்றார். அவருக்கு உள்ளூர வேறு ஒரு பயமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

இவளுக்கும் குட்டு!

நாளாக நாளாக வேகம் கூடியது. 1½ மணி நேரம் எடுத்த அத்தியாயம் 20 நிமிஷத்தில் ஓடியது. ஆபீசில் இருந்து போன் செய்து, "தாத்தா, நந்தினி சொல்றது நெஜமா, பொய்யா?" என்று கேட்கும் அளவுக்குக் கதை பிடித்துக் கொண்டது.

ஐந்தாம் பாகத்தில் கடம்பூர் மாளிகை. ஆதித்த கரிகாலன் சாகப் போகிறான். அன்றைக்கு வாசிக்கும்போது பேத்தியின் குரல் கம்மியது. தாத்தா நிறுத்தச் சொன்னார்.

"முன்னாடியே படிச்சிட்டே, இல்லே?"

பேத்தி திருதிரு என்று விழித்தாள். ஆபீஸ் பஸ்சில் வரும்போது திருட்டுத்தனமாகப் படித்து இருந்தாள்!

"குரலே காட்டிக் கொடுத்துச்சு. வெச்சேன் ஒரு குட்டு! எங்க அம்மா எனக்கு வெச்சது 70 வருஷம் கழிச்சு இவளுக்குப் போய்ச் சேர்ந்தது" என்றார் தாத்தா.

ஏப்ரல் மாதம் 3-வது வாரத்தில் 293-வது அத்தியாயம் முடிந்தது. படம் வர 6 நாள் பாக்கி.

இரண்டாம் பாகம் பார்க்கப் போனபோது தாத்தாவுக்குத் திரையில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. வசனத்தையும் குதிரைக் குளம்புச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து இருந்தார். யார் வருகிறார்கள் என்று பேத்தி காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் முடிசூட்டு விழா. நாவலில் பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரிந்து, அவனுக்கு அருள்மொழி முடி சூட்டுவார். படத்தில் அந்தத் திருப்பம் கிடையாது. முதலில் இருந்து வரும் மதுராந்தகரே அரசர் ஆகிறார்.

"தாத்தா, ஏமாத்திட்டாங்க!" என்று பேத்தி கொதித்தாள். "அது எப்படி மாத்தலாம்?"

தாத்தா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "விடும்மா. 5 புத்தகத்தை 2 படத்திலே அடைக்கணும். பாவம், அவங்களும் என்ன செய்வாங்க?"

கல்லில் எழுதி இருக்கு!

பேத்திக்கு ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. கரிகாலனைக் கொன்றது யார்? கல்கி அதைத் திட்டவட்டமாகச் சொல்லவில்லை.

"கதையிலே இல்லே. கல்லிலே இருக்கு" என்றார் தாத்தா.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோவில் இருக்கிறது. அங்கே ராஜராஜ சோழனின் 2-ம் ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 985-ல். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுடைய உறவினர்களின் சொத்துக்களைக் கைப்பற்றிய விவரமும் அதில் இருக்கிறது.

அந்த ஆடிப் பதினெட்டுக்குப் பேத்தி லீவு போட்டாள். தாத்தாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். முதலில் வீராணம் ஏரிக்கரை. வந்தியத்தேவன் குதிரையில் வந்த அதே கரை. அதே ஆடிப் பதினெட்டு. 74 கணவாய் என்று அவன் எண்ணிக்கொண்டு போவதாகக் கதையில் வரும். தாத்தா செருப்பைக் கழற்றி விட்டுக் கரையில் நின்றார். காற்று வேட்டியை அடித்தது.

பிறகு கோவில். சுவரில் இருந்த எழுத்தின் மேல் பேத்தி அவர் கையைப் பிடித்து வைத்தாள். 30 வருஷத்துக்கு மேல் ஈய எழுத்தைத் தடவித் தடவிக் கோத்த விரல். வெகுநேரம் தடவினார். பழங்காலத்து எழுத்து. அவருக்குப் படிக்க வராது.

"படிக்க முடியுதா தாத்தா?"

"இல்லே. ஆனா கம்போசிங் நல்லா இருக்கு!"

அலமாரியில் ஒரு நோட்டு

இப்போது தாத்தாவுக்குப் பகல், இரவு மட்டும்தான் தெரியும். ஆனால், வீட்டில் கதை நிற்கவில்லை. "சிவகாமியின் சபதம்" ஓடிக்கொண்டு இருக்கிறது. வாசிப்பது பேத்திதான். "ழ" இப்போது தகராறு செய்வது இல்லை.

சென்னைக்கு வரும் குடிநீரில் வீராணம் தண்ணீரும் உண்டு. 2004-ல் இருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாயிலேயே பயணம் செய்து வருகிறது. பேத்தி டம்ளரில் தண்ணீர் கொடுத்தால், "வந்தியத்தேவன் ஊர்த் தண்ணியா?" என்று கேட்டு விட்டுத்தான் தாத்தா குடிப்பார்.

அவர் வீட்டு அலமாரியில் அம்மா பைண்டு செய்த புத்தகங்கள் வரிசையாக இருக்கின்றன. 1, 2, 3, பிறகு 5. நடுவில் இருந்த இடைவெளியில் இப்போது 200 பக்க நோட்டு ஒன்று நிற்கிறது. தொலைந்த 4-ம் பாகத்தில் மணியம் வரைந்த படங்களில் யார் எங்கே நின்றார்கள், யார் கையில் வேல் இருந்தது, விளக்கு எந்தப் பக்கம் எரிந்தது என்று தாத்தா நினைவில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி இருக்கிறார்.

எழுதியது பேத்தி. கோணல் மாணலான தமிழ் எழுத்து. அட்டையில் "மணிமகுடம்" என்று எழுதி இருக்கிறாள்.